கதவின் மேல் எழுதிய பேர்

கெய்ன்ஸ்
4 மார்ச் 1984

அக்கா எல்வாவுக்கு,

பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்கு நீ பதில் சொல்லமாட்டாய் என்று தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சைலஸ் அண்ணன் கண் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தபோது என் வீட்டில் தங்கினார். உன் பேத்தி ரேலின் இந்த வருஷத்தோடு வாலபி முனையில் படிப்பை முடிக்கிறாளாம். அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லையாம். குடியிருப்பு மேனேஜர் சம்சாரம் துணி துவைக்க, வீடு பெருக்க அவளைக் கேட்கிறாளாம். நாம் இரண்டு பேரும் அந்த வீட்டில் பெருக்கினவர்கள்தான். மூன்றாவதாக ஒருத்தி வேண்டுமா?

அவளை என்னிடம் அனுப்பு. நான் இப்போது ஊர்வலம், மைக் எல்லாம் விட்டாயிற்று. பள்ளிக்கூடம் நடத்துகிறேன். மீன் சந்தைக்குப் பின்னால் பழைய படகுக் கொட்டகை. எல்லாம் நம்ம பிள்ளைகள், நாற்பது பேருக்கு மேல். மத்தியானம் சாப்பாடு உண்டு. என் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம்.

அவளுக்கு இது வேற்றிடம் இல்லை அக்கா. பள்ளிக்கூடத்துக்கு மெர்வின் பேரைத்தான் வைத்திருக்கிறோம். கதவுக்கு மேலே பெரிய பலகையில் மெர்வின் என்று சிவப்பிலும் மஞ்சளிலும் பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள். மெர்வின் மகள் அந்தக் கதவு வழியாக உள்ளே வருவதை நான் சாவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

பதில் போடு.

டோர்கஸ்


வாலபி முனை
2 ஏப்ரல்

டோர்கஸ்,

கடுதாசி வந்துச்சு. கத்தரிக்கோலை எடுத்து மூணு எடத்துல வெட்டி எடுத்துட்டுத்தான் மீதியைப் படிச்சேன். ஓட்டை வழியா மேஜை தெரியுது. எந்த மூணு எடம்னு உனக்கே தெரியும்.

டவுன்ல ரொம்ப நாள் இருந்தா எல்லாம் மறந்துபோயிடுமா? செத்தவன் பேரை வாயால சொல்றதில்ல, கையால எழுதறதில்ல. சொன்னா திரும்பிப் பார்ப்பான், போற எடத்துக்குப் போகமாட்டான். பெத்தவ போதும்னு சொல்லணும், தாய்மாமன் பச்சை எலை எரிச்சுப் புகை போடணும். அப்புறந்தான் அந்தப் பேரை ஊரு சொல்லலாம். அண்ணன் ரெண்டு தடவை வந்து கேட்டாரு, "எல்வா, புகை போட்டுடலாமா?"ன்னு. இன்னும் வேண்டாம்னேன். ஏன்னு அவரும் கேக்கல.

இங்க கடை வச்சிருக்கிறவனுக்கும் அதே பேருதான். பதினோரு வருசமா அவனை எல்லாரும் கடைக்காரன்னுதான் கூப்பிடறோம். அவன் பொண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடறா. நீ என்னடான்னா கதவுல எழுதி வச்சிருக்கே. மழைல நனையறதுக்கு, நாய் வந்து ஒண்ணுக்குப் போறதுக்கு.

நீ எதை மறந்தாலும் நான் மறக்கல. பதினேழு வயசுல மேனேஜர்கிட்ட அனுமதிச்சீட்டு வாங்காம மாட்டு லாரில ஏறி ஓடினே. ஓடறப்ப என் நீலப் பாவாடையைப் போட்டுக்கிட்டு ஓடினே. உனக்குப் பதிலா எனக்கு ஒரு மாசம் ரேஷனை நிறுத்தினாங்க. அது போகட்டும். என் பையன் பத்தொம்பது வயசுல, "சின்னம்மாகிட்டப் போறேன், அங்க நம்ம சனங்க எந்திரிச்சு நிக்கிறாங்க"ன்னு சொன்னான். போகாதடான்னு நான் சொல்லல. உன்னை நம்பி விட்டேன்.

பெட்டில வந்தான்.

அன்னிக்கு விமானத் திடல்ல பெட்டி இறங்குது. பின்னாடியே நீ இறங்கறே, உன்கூட ஒரு கூட்டம் இறங்குது. எல்லார் மார்லயும் அவன் மூஞ்சி. சட்டைல அச்சடிச்சு. மூஞ்சிக்குக் கீழ பேரு. கிழவிங்க எல்லாம் கண்ணைப் பொத்திக்கிட்டு முதுகைக் காட்டி உக்காந்துட்டாங்க. அந்த உசரமான பொண்ணு கையை மடக்கித் தூக்கிக்கிட்டு அவன் பேரைச் சொல்லிக் கத்தினா. நான் பெட்டியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு மூலைல பூச்சு உரிஞ்சிருந்துச்சு. அது மட்டுந்தான் இப்பவும் நல்லா ஞாபகம் இருக்கு.

அண்ணன் சொன்னாரு, "வந்த விமானத்துலயே திரும்பிப் போங்க"ன்னு. நீ அந்தச் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வந்து என் பக்கத்துல உக்காந்திருக்கலாம். அவங்ககூட ஏறிப் போனே.

பலகையை இறக்கு. இறக்காம ரேலினைப் பத்தி எழுதாதே.

எல்வா


கெய்ன்ஸ்
30 ஏப்ரல்

அக்கா,

சட்டையைக் கழற்றியிருக்கலாம். அதற்குக் கீழே வேறொன்றும் போட்டிருக்கவில்லை. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

விமானத்தில் திரும்பும்போது அந்த உயரமான பெண், "உங்க ஜனங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அவள் தெற்கே பிறந்தவள். பாட்டி பேசின பாஷை இன்னதென்று கூடத் தெரியாமல் வளர்ந்தவள். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். நீங்கள் குழியை நோக்கி நடந்து போகிறீர்கள். எறும்பு வரிசை மாதிரி இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட ஏதோ கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

பேரைச் சொல்லக்கூடாது என்கிறாய். நம் வழக்கம் எனக்கும் தெரியும். அதை நான் மறக்கவில்லை, மீறினேன். இரண்டும் வேறு. காவல் அறையில் செத்த பையனைப் பற்றித் தெற்கே சர்க்காரில் யாரும் விசாரிப்பதாகவே இல்லை. செய்தித்தாளில் 'பூர்வகுடிக் கருப்பர் ஒருவர்' என்று இரண்டு வரி வந்தது. பேர் போடவில்லை. நாம் மரியாதைக்காகச் சொல்லாமல் விடுகிறோம். அவர்கள் மறப்பதற்காகச் சொல்லாமல் விடுகிறார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அதனால் கத்தினேன். ஐந்து மாதம் தெருத்தெருவாகக் கத்தினோம். இரண்டு தடவை என்னையும் உள்ளே வைத்தார்கள். கடைசியில்தான் விசாரணை என்று ஒன்று வைத்தார்கள்.

அந்த விசாரணையைப் பற்றி உனக்கு இதுவரை நான் சொன்னதில்லை. பக்கத்து அறையில் அடைபட்டிருந்த பையன் ஒருவன்தான் சாட்சி. யூஸ்டஸ் என்று பேர், வளைகுடாப் பக்கத்து மிஷனில் வளர்ந்தவன். எல்லாவற்றையும் கேட்டவன். எங்களிடம் கதறிக் கதறிச் சொன்னவன். கூண்டில் ஏறினான்.

வக்கீல் கேட்டார், "அவர் தானாகத்தான் விழுந்தார், இல்லையா?"

"ஆமா சார்."

"அவரை யாரும் தள்ளவில்லை, சரிதானே?"

"ஆமா சார்."

எங்கள் வக்கீல் பதறிப்போய் எழுந்தார். "தம்பி, போலீஸ்காரர் தள்ளினார் என்று எங்களிடம் சொன்னீர்களே?"

"ஆமா சார்."

சிரித்தார்கள் அக்கா. அந்த அறையில் பாதிப் பேர் சிரித்தார்கள். யூஸ்டஸ் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நம்மை எப்படி வளர்த்தார்கள்? மேஜைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் உட்கார்ந்து எது கேட்டாலும் 'ஆமா சார்'. சீக்கிரம் கேட்டு முடித்து விட்டுவிடுவான் என்று. கேள்வி காதில் விழுவதற்கு முன்னாலேயே நம் வாய் சொல்லிவிடும்.

தானாக விழுந்தார் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அன்றைக்குப் பிறகு எனக்கு மைக் பிடிக்கக் கை வரவில்லை. மேடையில் ஏற்றினார்கள், நின்றேன், இறங்கினேன். நாற்பத்தோரு வயதில் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்களுக்கு எனக்கு மகளாகும் வயது. ஆசிரியர் பயிற்சி முடிக்க ஆறு வருஷம் ஆயிற்று. கூட இருந்தவர்கள், "டோர்கஸ் பயந்துட்டா, சாக்பீஸ் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா" என்று சொன்னார்கள். இப்போதும் சொல்கிறார்கள்.

என் பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் எழுத்தும் இல்லை, கணக்கும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்து, "எனக்குப் புரியல, திரும்பச் சொல்லுங்க" என்று சொல்லவேண்டும். சொல்ல ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. போன வருஷம் கல்வித் துறையிலிருந்து ஒருவர் மேற்பார்வைக்கு வந்தார். ஏதோ நீளமாகக் கேட்டார். முன் வரிசையில் ஒரு வாண்டு, "புரியல, திரும்பச் சொல்லுங்க" என்றது. சொன்னார். "இன்னும் புரியல" என்றது. மூன்றாம் தடவை அவருக்கே புரியாமல் போயிற்று. பிள்ளைகள் முன்னால் என்னால் சிரிக்க முடியவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே போனதும் சிரிப்பு வரவில்லை.

அவன் பேரில்லாமல் அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. நம் வழக்கப்படியே பேசுவோம். அம்மாவின் தங்கை வேறா, அம்மா வேறா? நானும் அவனுக்குத் தாய்தான். அவன் என்னைச் சின்னம்மா என்று கூப்பிட்டான். அந்தப் பேர் மேல் எனக்கும் பாத்தியதை இருக்கிறது.

பலகையை இறக்க மாட்டேன். ரேலினை அனுப்பு.

டோர்கஸ்


வாலபி முனை
17 ஜூன்

டோர்கஸ்,

அவன் செத்தான். நீ படிச்சே. நல்லது.

நீயும் தாய்தான். இல்லங்கல. அப்ப மகனுக்குப் பொறந்த பிள்ளை உனக்கும் பேத்திதானே. அந்தப் பேத்தியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?

அவன் போய் நாலு மாசம் கழிச்சுப் பொறந்தவ. அவளைப் பெத்தவ ரெண்டு வருசத்துல வேற ஊருக்கு வேற ஆளோட போயிட்டா. நான் குத்தம் சொல்லல, சின்னப் பொண்ணு. பிள்ளையை நான் வச்சுக்கிட்டேன். அப்பா எங்கன்னு கேட்டா, மண்ணைக் காட்டினேன். அப்பா பேரு என்னன்னு ஒரு தடவை கேட்டா, நாலு வயசுல. நான் மீன் உரிச்சிட்டிருந்தேன். தலையைத் தூக்காம அடுத்த மீனை எடுத்தேன். அப்புறம் அவ கேக்கல.

அவளுக்கு அப்பா பேரு தெரியாது. பதினோரு வயசாச்சு, இன்னிவரை திரும்பக் கேட்டதில்ல. ஊர்ல யாரும் சொல்லமாட்டாங்க. நான் சொல்லணும். எப்பன்னு எனக்குத் தெரியல. ஒவ்வொரு மழைக்காலமும் இந்தத் தடவை அண்ணனை வரச்சொல்லலாம்னு நெனைப்பேன். மழை நின்னுடும், நானும் விட்டுடுவேன். எனக்கு அழுகை வரணும், வந்தாத்தான் முடிஞ்சதுன்னு அர்த்தம். வரல. மரக்கட்டை மாதிரி இருக்கேன். வேலை செய்யறேன், ரொட்டி சுடறேன், தூங்கறேன்.

நீ என்ன பண்றே? அந்தப் பிள்ளை டவுன் பார்க்க வந்து, பையைத் தூக்கிக்கிட்டு நடந்து, தலையை நிமித்தினா கதவுல அப்பன் பேரு. பெயின்டுல. வாசல்ல நாலு பேரு போறான் வர்றான். அப்படியா அவ தெரிஞ்சுக்கணும்? அவனைப் பெத்த என் வாயால கேக்கறதுக்கு முன்னாடி, மாமன் புகைக்கு முன்னாடி, பலகையில படிச்சா?

மேனேஜர் சம்சாரம் நேத்து வந்தா. "எல்வா, கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் ரேலினை அனுப்பறியா?"ன்னா. "ஆமா மிசஸ்"னேன். வேற என்ன சொல்றது? உன் யூஸ்டஸ் கதையை வேலியோரமா நின்னு நெனைச்சேன். அதுக்குள்ள அவ போயிட்டா.

எல்வா


கெய்ன்ஸ்
9 ஆகஸ்ட்

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன்.

அவளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அண்ணனும் சொல்லவில்லை. இந்த ஊரில் அவன் பேர் தெரியாத ஆள் இல்லை. பஸ் ஓட்டுபவனுக்குத் தெரியும், ரொட்டிக் கடையில் தெரியும். அவன் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்ததே கிடையாது. பதினோரு வருஷத்தில் ஒரு தடவை கூட.

முதலில் பேரை அழித்துவிட்டு அப்புறம் உனக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து ஒரு கமிட்டி இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் செய்ய முடியாது. கூட்டினேன். அந்த உயரமான பெண்ணும் வந்திருந்தாள், பிலோமினா. முடி நரைத்துவிட்டது. கையை மடக்கித் தூக்குவது மட்டும் மாறவில்லை. அவள் சொன்னாள், "போலீஸால செய்ய முடியாததை நீ செய்யப் போறே டோர்கஸ். அவனை அழிக்கப் போறே."

நான் சொன்னேன், "அவங்க அம்மா இன்னும் விடல."

"அம்மா மட்டுந்தானா? நாம எல்லாரும் அடி வாங்கலியா அவனுக்காக?"

"வாங்கினோம். அவளுக்கு நீயும் நானும் அடி வாங்கினதைப் பத்தி என்ன?"

பின் வரிசையில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். தீவுக்காரர், அதிகம் பேசமாட்டார். "அம்மா இன்னும் விடலைன்னு தெரிஞ்சிருந்தா என் பேரனை அந்தக் கதவு வழியா ஒரு நாள்கூட அனுப்பியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதோடு பேச்சு முடிந்தது. பிலோமினா என்னோடு பேசுவதில்லை. அவளைத் தப்பு சொல்ல எனக்கு மனசில்லை.

சனிக்கிழமை நானே ஏணி போட்டு ஏறினேன். வெள்ளை பெயின்ட். இரண்டு பூச்சு பூசியும் கீழே சிவப்பு தெரிந்தது. மூன்றாவது பூச்சில் போயிற்று. யாரோ பூசுவதை நான் கீழே நின்று பார்ப்பது மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து நின்று மேலே பார்த்தார்கள். "டீச்சர், பேரு எங்க?" என்றது ஒன்று. "அவங்க அம்மா இன்னும் சொல்லலை" என்றேன். டவுனிலேயே பிறந்த பிள்ளைகள்தான். "ஓ" என்றார்கள். உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அவ்வளவு பெரிய விஷயத்தை நான் யாருக்கும் அவ்வளவு சின்னதாகச் சொன்னதில்லை.

இப்போது எங்கள் கதவுக்கு மேல் ஒன்றும் இல்லை. நீ ரேலினை அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் அப்படியேதான் இருக்கும். இது பேரம் இல்லை.

மேனேஜர் சம்சாரத்துக்குச் சொன்ன 'ஆமா'வை மட்டும் திருப்பி வாங்கிவிடு. அது உன்னால் முடியும்.

டோர்கஸ்


வாலபி முனை
25 நவம்பர்

டோர்கஸ்,

கடுதாசி ஆகஸ்டுலயே வந்துச்சு. இந்தத் தடவை வெட்ட ஒண்ணும் இல்ல. ரெண்டு தடவை படிச்சேன்.

அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன். மேல்கரைலேருந்து போன வாரம் வந்தாரு. கண்ணு இப்ப நல்லாத் தெரியுதாம், என்னைப் பார்த்து, "கெழவியாயிட்டியே"ன்னாரு. "நீங்க மட்டும் கல்யாண மாப்பிள்ளையா?"ன்னேன்.

எனக்கு அழுகை வரல, வராமலே ஆரம்பிங்கன்னு சொன்னேன். "வரணும்னு யாரு சொன்னா?"ன்னாரு. பதினோரு வருசமா அதுக்காகத்தான் காத்திருந்தேன். முன்னாடியே சொல்லியிருக்கலாம் அந்த மனுசன். அதையும் நான் மறக்கப் போறதில்ல.

காலைல பச்சை எலை போட்டுப் புகை மூட்டினாரு. வீட்டைச் சுத்தி, படுக்கையைச் சுத்தி, எங்க ரெண்டு பேரைச் சுத்தி. ரேலின் இருமிக்கிட்டே நின்னா. அண்ணன் என்னைப் பார்த்தாரு. நான் அவ தோளைப் பிடிச்சுத் திருப்பி அவன் பேரைச் சொன்னேன். என் காதுல அது வேற யாரோ பேரு மாதிரி விழுந்துச்சு. ரொம்ப நாள் போடாத செருப்பைப் போட்டா எப்படி இருக்கும், அப்படி.

"கேட்டுச்சா?"ன்னேன்.

"கேட்டுச்சு பாட்டி. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பேரு. ஆறு வயசுலேருந்தே தெரியும். அந்த வெள்ளைக்கார மெக்கானிக்கோட பையன் சொன்னான். டவுன்ல உங்கப்பா பேரைச் சொல்லிக் கத்தினாங்கன்னு எங்கப்பா சொல்லுதுன்னான்."

அவ அந்தப் பையன் காதைக் கடிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. ரத்தம் வந்துச்சு. நான் அவளை அடிச்சேன், அவ வாயையே தொறக்கல.

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா பேரைச் சொல்லணுமே. நீ அதைக் கேட்டுருவியே."

அண்ணன் புகையைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. எனக்காக அவ பொத்தி வச்சிருக்கா, அவளுக்காக நான் பொத்தி வச்சிருக்கேன். ஒரே வீட்டுல, ஒரே தட்டுல சாப்பிட்டுக்கிட்டு. நான் உள்ள போய் டீ போட்டேன். மூணு பேரும் குடிச்சோம். சர்க்கரை போட மறந்துட்டேன், யாரும் கேக்கல.

மத்தியானம் கடைக்குப் போய் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், மெர்வின்னு. அவன் திரும்பிப் பார்க்கல. அவனுக்கே மறந்துபோச்சு.

மேனேஜர் சம்சாரத்துகிட்ட நானே போனேன். "ரேலின் வரமாட்டா மிசஸ்"னேன். "எல்வா, அன்னிக்குச் சரின்னியே?"ன்னா. "அது நீங்க சீக்கிரம் போகணும்னு சொன்னது"ன்னேன். மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. ஆகட்டும்.

ஜனவரி கடைசில தபால் விமானத்துல அனுப்பறேன். ஏறினா வாந்தி எடுப்பா, ஒரு துண்டு கொண்டு வா. ஆமைக்கறி கிடைச்சா செய், டப்பா மாட்டுக்கறி அவளுக்குப் பிடிக்காது. ராத்திரி பல்லைக் கடிப்பா, பயப்படாதே.

பலகையைப் பத்தி. நான் விட்டாச்சு, இனிமே அது என்னோடது இல்ல. உன்னோடதும் இல்ல. அதை உடனே ஏணி போட்டு எழுதிடாதே, உன்னை எனக்குத் தெரியும். வெள்ளையாவே இருக்கட்டும். அவ எழுதச் சொன்னா எழுது. சொல்லலேன்னா எனக்காகவும் எழுதாதே, அந்த நரைச்ச உசரக்காரிக்காகவும் எழுதாதே.

உன்மேல எனக்கு இருக்கிற கோவம் குறைஞ்சதான்னு பார்த்தேன். தெரியல. பாவாடை விஷயத்துல குறையல.

நேத்து அவ துணி மடிச்சிட்டிருந்தா. நிமிராமலே ஒண்ணு கேட்டா. "பாட்டி, அந்தப் பள்ளிக்கூடத்துல என்னை ரேலின்னு கூப்பிடுவாங்களா, இல்ல அவரோட மகள்னு கூப்பிடுவாங்களா?"

எனக்குத் தெரியலன்னேன். நீ டீச்சர். ஜனவரிக்குள்ள அதுக்குப் பதில் எழுது. எனக்கு எழுத வேண்டாம், அவ பேருக்கு எழுது.

எல்வா